"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இவர் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காகவும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் அடைப்பு என்று பேசுவோம். இந்த முறை செயலாளர் என்னிடம், "மேடம், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளோட சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்க. நம்ம தெருவிலேயே இந்த வருஷம் நாலு பிள்ளைங்க கிளம்புது" என்றார். நான் உடனே ஒத்துக்கொண்டேன். முப்பது வருடம் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தவள் என்பது ஒரு காரணம். என் வீட்டிலேயே அதில் நான் தவறியவள் என்பது பெரிய காரணம். அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது புதிதல்ல

புதுச்சேரிக்காரர்களுக்குக் கடல் தாண்டுவது புதிதா என்ன? 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்த ஊர் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கிருந்து பிரான்சுக்கும் சைகோனுக்கும் போகாத குடும்பம் குறைவு. சொல்தா வீட்டு அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மீன் குழம்பு, இன்னொரு பக்கம் வியட்நாமிலிருந்து வந்த நெம். காலையில் இட்லி வாங்கும் அதே தெருவில் நீளமான பிரெஞ்சு ரொட்டியும் வாங்குகிறோம். ஆக, சாப்பாடு ஊர் மாறும், மாறியும் ருசிக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எல்லாம் பெரும்பாலும் குடும்பமாகவோ படையணியாகவோ போனவர்கள். இப்போது 21 வயதுப் பிள்ளை ஒரு பெட்டியோடு தனியாகப் போகிறது. இரண்டும் ஒன்றல்ல.

என் வீட்டுக் கதை

என் மகன் 2018 செப்டம்பரில் முதுகலை படிக்க லியோன் நகரத்துக்குப் போனான். அவனுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அதனால் எங்களுக்குக் கவலையே இல்லை. தினமும் இரவு 9 மணிக்குப் போன் செய்வேன். "சாப்பிட்டியா கண்ணா?" என்பேன். "சாப்பிட்டேம்மா" என்பான். மனசு நிறைந்து தூங்கிவிடுவேன்.

பிப்ரவரி மாதம் ஏதோ அட்டை புதுப்பிக்க எடுத்த புகைப்படத்தை அனுப்பினான். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்னடி இது, இவன் கழுத்து இப்படி இருக்கு?" என்றார். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகும் இடைவெளி. கன்னத்து எலும்பு தெரிந்தது.

அன்றைக்கு நான் அம்மாவாகக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டேன். எங்கள் தொழிலில் 24 மணி நேர நினைவுப் பட்டியல் என்று ஒரு முறை உண்டு. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டதை எல்லாம், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லச் சொல்வோம். "நேத்து காலையிலேர்ந்து சொல்லுடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். காலையில் ஒன்றுமில்லை. மதியம் 1 மணிக்கு ஒரு காபி, ஒரு சாக்லெட் ரொட்டி. ராத்திரி 11 மணிக்குப் பிஸ்கட் பாக்கெட். "அதுக்கு முந்தின நாள்?" அதுவும் அப்படித்தான். ஐந்து மாதத்தில் 9 கிலோ இறங்கியிருந்தது.

சமைக்கத் தெரியாதவனா? இல்லை. ரசம், பொரியல், முட்டைக் குழம்பு எல்லாம் நானே கற்றுக் கொடுத்து அனுப்பினேன். நடந்தது இதுதான். அவன் தங்கிய விடுதியில் ஒரு மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. அக்டோபர் மாதம் ஒருநாள் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்திருக்கிறான். புகைக்கு அபாய மணி அடித்துவிட்டது. மாடியிலிருந்த அத்தனை பேரும் குளிரில் இரவு உடையோடு கீழே இறங்கி நின்றிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அன்றோடு அவன் அந்தச் சமையலறைக்குள் போவதை நிறுத்திவிட்டான். "வெக்கமா இருந்துச்சும்மா" என்றான். அவ்வளவுதான் காரணம்.

சமையலறைக்குப் போகாததால் அங்கே சாப்பிடுகிறவர்களோடு பேச்சு இல்லை. பேச்சு இல்லாததால் அறைக்குள்ளேயே இருப்பு. சரியாகச் சாப்பிடாததால் சோர்வு. சோர்வினால் தூக்கம் கெட்டு, காலை வகுப்பு தவறி, பாடம் பின்தங்கி, அந்தக் கவலையில் பசியும் போய்விட்டது. ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுத்திருக்கிறது. நான் தினமும் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்!

கணித மேதைக்கும் இதே கஷ்டம்

இது என் மகனுக்கு மட்டும் வந்த பலவீனம் என்று நினைக்காதீர்கள். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 மார்ச் 17-இல் சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறி ஏப்ரலில் லண்டன் இறங்கினார். குடுமியை எடுத்து, கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு போனவர், சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சுத்த சைவம். டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடத்தில் எல்லோரும் கூடி உண்பார்கள். அங்கே பன்றிக் கொழுப்பு கலந்துவிடுமோ என்று அவர் தன் அறையிலேயே தனியாகச் சமைத்தார். கணக்கில் மூழ்கிவிட்டால் வேளை தப்பும். அதே ஆகஸ்டில் முதல் உலகப்போர் வேறு மூண்டது. வேண்டிய பொருள்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது.

அவர் வாழ்க்கையிலிருந்து இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். பின்னாளில் புள்ளியியல் மேதையான பி.சி.மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். ராமானுஜன் இரவில் குளிரில் நடுங்குவதை அறிந்து அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அவை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. மேலாகப் படுத்து, ஓவர்கோட்டைப் போர்த்தியிருந்தார். உலகமே வியந்த மூளை. ஆனால் "இதை எப்படிப் போர்த்துவது?" என்று பக்கத்தில் ஒருவரைக் கேட்கக் கூச்சம்.

இன்னொன்று. இந்திய நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தன் கையால் ரசம் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது முறை போதும் என்றதும், மனம் உடைந்து சொல்லாமல் வெளியேறிவிட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்த பிறகுதான் இருக்கும் இடமே தெரிந்தது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகவே சாப்பிட்டுப் பழகிப்போன ஒருவருக்கு, தன் சாப்பாட்டை இன்னொருவர் "போதும்" என்றது தன்னையே வேண்டாம் என்றதுபோல வலித்திருக்கிறது.

1917-இல் படுக்கையில் விழுந்தார். ஒரு சானடோரியம் மாற்றி இன்னொரு சானடோரியம். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்து உயிர்விடவும் முயன்று பிழைத்தார். அதே வருடம்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் டிரினிட்டியின் ஃபெலோ பதவியும் வந்தன. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். வயது 32.

சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அது தவறு. அன்று காசநோய் என்றார்கள். 1994-இல் டி.ஏ.பி.யங் என்பவர், குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்றார். ஆனால் நோய் எதுவானாலும் அதைத் தாங்க உடம்பில் ஊட்டமும், மனதில் தெம்பும், கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் வேண்டும். அந்த மூன்றும் அவருக்குக் குறைவாக இருந்தன.

காந்தி செய்தது என்ன?

அதே லண்டனுக்கு 1888-இல் போன 18 வயது மாணவர் ஒருவரும் சைவம்தான். இறைச்சி தொடமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனவர். முதல் சில வாரங்கள் அரைப் பட்டினி. காந்தி என்ன செய்தார்? கால் கடுக்க நடந்து தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை. லண்டன் சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்தார், அதன் நிர்வாகக் குழுவுக்கும் வந்தார், குடியிருந்த பகுதியில் சிறு சங்கம் ஒன்றும் தொடங்கினார். மசாலாவுக்கு ஏங்குவதை விட்டு, ஓட்ஸ் கஞ்சிக்கும் வேகவைத்த காய்க்கும் நாக்கைப் பழக்கினார். கொள்கை மாறவில்லை, ருசி மாறியது, சுற்றிலும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

காந்தி காலத்தில் போர் இல்லை, பெரிய நோய் இல்லை. அதனால் இருவரையும் தராசில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஆனால் ஒரு பாடம் உண்டு. தனக்குப் பிடித்த சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டவரைவிட, பாதி பிடித்த சாப்பாட்டை நாலு பேரோடு சாப்பிட்டவர் தாக்குப் பிடித்தார்.

உடம்பிலும் மனதிலும் நடப்பது

கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1950-களிலேயே இதைக் "கலாசார அதிர்ச்சி" என்று விளக்கினார். முதலில் தேனிலவு போல எல்லாம் அழகாகத் தெரியும். பிறகு எரிச்சலும் ஏக்கமும் வரும். பிறகு மெல்லத் தெளியும். கடைசியில் பழகிவிடும். பிரான்சுக்குச் செப்டம்பரில் போகிற பிள்ளைக்கு இரண்டாவது கட்டம் பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்து சேரும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். சூரிய வெளிச்சம் குறைவதால் வைட்டமின் டி குறையும். சுத்த சைவப் பிள்ளைகள் பால், தயிரையும் விட்டுவிட்டால் பி12 குறையும். பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு முன்பே இருந்தால் இன்னும் கூடும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுதான்: சோர்வு. அதைப் பிள்ளை "எனக்குப் படிப்பு வரலை" என்று தப்பாகப் புரிந்துகொள்ளும்.

எல்லோரும் இளைப்பதில்லை, பலர் குண்டாவார்கள். காலை உணவைத் தவிர்ப்பது, காயும் பழமும் குறைவது, மலிவான பர்கர், சிப்ஸ், குளிர்பானம் கூடுவது. வெளிநாட்டு மாணவர்களிடம் பல நாடுகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். இளைத்தால் பயப்படும் நாம், பெருத்தால் "நல்லா இருக்கான்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டையும் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன்

பெட்டி கட்டும் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்.

ஒன்று. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு போகட்டும். ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, மூன்றும் போதும். குறை இருந்தால் இங்கேயே மருத்துவர் சரிசெய்வார்.

இரண்டு. நெய், பால்கோவா, இறைச்சித் தொக்கு வேண்டாம். வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய்க்குத் தடை இல்லை என்பது நமக்கு ஆறுதல்! பருப்புப் பொடி, ரசப்பொடி, காய்ந்த மசாலா எடுத்துப் போகட்டும். ஆறு மாதச் சாமான் வேண்டாம், ஆறு வாரத்துக்குப் போதும். பாரிசில் லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து அப்பளம் வரை கிடைக்கும்.

மூன்று. தாளிப்பு இல்லாத ஐந்து சமையல் கற்றுக் கொடுங்கள். குக்கரில் பருப்பும் காயும் சேர்ந்த சாதம், தயிர் சாதம், அவித்த முட்டை, கொண்டைக்கடலை சுண்டல், காய்கறி சூப். அங்கே கிடைக்கும் லாந்தில் என்ற பருப்பு நம் மைசூர் பருப்பின் உறவுதான். குக்கரில் போட்டால் நம் வீட்டு வாசனை வரும், அபாய மணி அடிக்காது.

நான்கு. பல்கலைக்கழகங்களின் மாணவர் உணவகத்தில் மதியச் சாப்பாட்டைப் பழகச் சொல்லுங்கள். அரசு ஆதரவில் நடப்பதால் விலை குறைவு. காய், பழம் தட்டில் வரும். எல்லாவற்றையும்விட, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான்.

போன பிறகு

நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. நமக்கு இரவு 9 என்றால் அங்கே மாலை நாலரை. அவன் இன்னும் ராத்திரிச் சாப்பாட்டை நினைக்கவே இல்லை. "சாப்பிட்டேன்" என்றால் எதைச் சாப்பிட்டான்? வாரத்தில் ஒருநாளாவது அவன் சாப்பிடும் நேரத்தில் பேசுங்கள். தட்டைக் காட்டச் சொல்லுங்கள், வேவு பார்ப்பதுபோல இல்லாமல் உங்கள் தட்டையும் காட்டுங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். "சாப்பிட்டியா?" என்றால் பதில் ஒரு வார்த்தை. "இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். "யாரோடும் இல்லை" என்ற பதில் ஒரு வாரம் தொடர்ந்து வந்தால், அதுதான் எச்சரிக்கை மணி. அப்போது அறிவுரை சொல்லாதீர்கள். "எவ்வளவு செலவு பண்ணி அனுப்பினோம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும்.

உதவி கேட்கும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். பிரான்சில் பல்கலைக்கழக மாணவர் சுகாதார மையங்கள் உண்டு. 2021-இலிருந்து மாணவர்கள் மனநல ஆலோசகரைக் கட்டணமின்றிப் பார்க்க அரசுத் திட்டமும் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அங்கே 3114 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். நம் நாட்டில் டெலி மானஸ் எண் 14416. இந்த இரண்டு எண்ணையும் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

என் மகன் எப்படி மீண்டான்? சுகாதார மையத்துக்குப் போனான். வைட்டமின் டி குறைவு என்றார்கள், மனநல ஆலோசகரையும் நாலு முறை பார்த்தான். ஆனால் அவனை அறையை விட்டு வெளியே கொண்டுவந்தது பக்கத்து அறை மொராக்கோ பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, "கூஸ்கூஸ் அதிகமாகிவிட்டது, வா" என்றிருக்கிறான். அடுத்த ஞாயிறு இவன் எலுமிச்சை சாதம் கிளறினான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு! அன்று மூக்கைப் பிடித்துச் சிரித்த பெண்ணும் வந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாளாம். இப்போது அவன் அங்கேயே வேலையில் இருக்கிறான், நலமாக இருக்கிறான்.

நம் ஊருக்கு வந்தவர்கள்

கடைசியாக ஒன்று. அந்த மொராக்கோ பையன் கதவைத் தட்டியதுபோல நாம் யார் கதவையாவது தட்டியிருக்கிறோமா?

காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊருக்குள் வாடகைக்கும் வீடு தேடுகிறார்கள். நாம் என்ன கேட்கிறோம்? "எந்த நாடு? என்ன சமைப்பீங்க? வாடை வருமா?" என் மகனுக்கு அங்கே வந்த வெட்கத்தை, நாம் இங்கே வாசலிலேயே கொடுத்து அனுப்புகிறோம்.

நம் காரம் அவர்கள் வயிற்றுக்குப் புதிது. நம் மே மாத வெயில், நம் தண்ணீர், மூன்று வேளையும் அரிசி, எல்லாமே புதிது. கென்யாவின் சோள உகாலி நம் களிக்கு அண்ணன். எத்தியோப்பியாவின் இஞ்செரா நம் தோசை மாதிரி மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது. அந்தப் பையன் களியைப் பார்த்தால் அவன் அம்மா ஞாபகம் வரும். அதை அவனுக்குச் சொல்ல இங்கே ஆள் வேண்டாமா?

வீட்டு உரிமையாளர்கள் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்வது சட்டம். அதைச் செய்த பிறகு, சட்டத்தில் இல்லாத ஒன்றையும் செய்யுங்கள். பெரிய மார்க்கெட்டில் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். காய்ச்சிய தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் என்ன என்று சொல்லுங்கள். பொங்கலுக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள், பதிலுக்கு அவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், நம் பகுதியில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிநாட்டு மாணவர்களை நம் கூடத்துக்கு அழைப்போம். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவோம். முதல் மாதத்து ரசம் என் பொறுப்பு. மூன்றாவது முறை வேண்டாம் என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.